வயதுக்கு ஒரு பெட்டி

மன்னார் மாவட்டத்துப் பெரியமடுப் பக்கம் ஒரு மூதாட்டியிடம் தாதி பிறந்த தேதி கேட்டால், “புயல் அடிச்ச வரியம் நான் கைக்குழந்தை எண்டு எங்கட உம்மா சொல்லுவா, மகள்” என்பார். 1964 டிசம்பரில் மன்னார்க் கரையைப் புரட்டிய புயல். தாதிக்கு அது போதும். நாள், மாதம், ஆண்டு மூன்றும் நிரம்பாமல் நகர மறுக்கும் கணினிக்குப் போதாது. அப்போது விரல் தானாக ஜனவரி ஒன்றைத் தட்டும்.

சுகாதாரத் தகவல்களைப் பதியும் டிஎச்ஐஎஸ்2 மென்பொருளில் எனக்குப் பிடித்தது அதன் வயதுப் பெட்டிதான். தேதி தெரிந்தால் இடலாம். தெரியாவிட்டால் வருடக் கட்டத்தில் 61 என்று அடித்தால், தேதியை அதுவே கணக்கிட்டுக்கொள்ளும். அதுவும் ஊகம்தான், ஆனால் யாரும் மனம் கூசிப் பொய் எழுத வேண்டியதில்லை.

1990களில் தென்னாபிரிக்காவில், சுகாதார ஊழியர்களோடு உட்கார்ந்து வளர்த்த முயற்சியில் வேர்விட்டது இந்த மென்பொருள். இன்று அதை ஒஸ்லோ பல்கலைக்கழகம் ஒருங்கிணைக்கிறது. 2020 ஜனவரியில் கொரோனா எட்டிப் பார்த்தபோது, வந்திறங்கும் பயணிகளைப் பதிய இலங்கையில் இதில்தான் அவசரமாகப் படிவம் கட்டினார்கள். பிற நாடுகளும் அதை எடுத்துக்கொண்டன.

‘ஆண்’ என்று தொட்டதும் கர்ப்பக் கேள்வி மறையும்படி இதில் அமைக்கலாம். சிக்னல் அறுந்தால் போனிலேயே பதிந்து வைத்து, பிறகு அனுப்பலாம். இப்படிப்பட்ட வசதிகளின் அருமை குளிரூட்டிய அறையில் தெரியாது. வரிசையில் முப்பது பேர் நிற்க, ஒற்றை விரலால் தட்டும் தாதியின் தோளுக்குப் பின்னால் நின்று, அவர் எந்தக் கட்டத்தில் பெருமூச்சு விடுகிறார் என்று பார்க்க வேண்டும்.