கமிட் விவரங்களைத் தானியக்கமாகத் திரட்டல்: ஆசிரியர் அடையாளம் குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

மென்பொருளின் மூலநிரலில் செய்யப்படும் ஒவ்வொரு மாற்றமும் கிட் களஞ்சியத்தில் ‘கமிட்’ என்னும் பதிவாகச் சேமிக்கப்படுகிறது. எழுதியவர் பெயர், நாள், மாற்றத்திற்கான விளக்கக்குறிப்பு, முந்தைய கமிட்டுடனான தொடர்பு ஆகியன அதில் அடங்கும். லினக்ஸ் கெர்னலின் களஞ்சியத்தில் மட்டும் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட கமிட்டுகள் உள்ளன. இவற்றைக் கையால் திரட்டுதல் இயலாது; தானியக்கப் பணிப்பாய்வு இன்றியமையாதது. எனினும், அவ்வாறு திரட்டிய விவரங்களை ஆய்வுச் சான்றாகக் கொள்ளும்போது ஆசிரியர் அடையாளத்தில் நேரும் பிழையை இக்கட்டுரை சுட்டுகிறது.

வரலாற்றின் எல்லை

லினக்ஸ் 1991இல் வெளிவந்தது. 2002 முதல் 2005 வரை அதன் வளர்ச்சி பிட்கீப்பர் என்னும் கருவியில் பேணப்பட்டது. அக்கருவியின் கட்டணமற்ற உரிமம் திரும்பப் பெறப்பட்டதையடுத்து லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் கிட்டை உருவாக்கினார். அம்மாதம் 16ஆம் நாள், கெர்னலின் 2.6.12-ஆர்சி2 பதிப்பு முழுவதும் ஒரே கமிட்டாகப் புதிய களஞ்சியத்தில் இடப்பட்டது. முந்தைய வரலாறு கைவசம் இருந்தும், ஏறத்தாழ 3.2 ஜிபி அளவுடைய அதனைச் சேர்க்கவில்லை என விளக்கக்குறிப்பிலேயே அவர் தெரிவித்துள்ளார்.

இதன் விளைவு கருதத்தக்கது. 2005க்கு முன்னர்ப் பலர் எழுதி இன்றும் மாறாதிருக்கும் வரிகளின் ஆசிரியரை ‘கிட் பிளேம்’ கட்டளையால் வினவினால், டோர்வால்ட்ஸ் பெயரே விடையாகக் கிடைக்கிறது. கருவி இங்குப் பொய்யுரைக்கவில்லை. கமிட் எண்ணுக்கு முன் ‘^’ குறியை இட்டு, வரலாற்றின் எல்லை இதுவென அறிவிக்கிறது. பெயரையும் நாளையும் மட்டும் பிரித்தெடுத்து அட்டவணையில் நிரப்பும் பணிப்பாய்வு அக்குறியைக் கைவிடுகிறது. அதனால், ‘இதற்கு முன் இக்களஞ்சியத்தில் சான்றில்லை’ என்னும் கூற்று ‘இவரே எழுதினார்’ என்னும் கூற்றாகத் திரிந்துவிடுகிறது.

பணிப்பாய்வு உண்டாக்கும் எல்லை

மேற்கண்ட எல்லை களஞ்சியத்திலேயே உள்ளது. பணிப்பாய்வும் தன் பங்கிற்கு ஓர் எல்லையை உண்டாக்கக்கூடும். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸின் ‘செக்அவுட்’ செயற்கூறு, இயல்பமைப்பில் ஒரே ஒரு கமிட்டை மட்டுமே இறக்குகிறது. அந்நிலையில் வரிகளின் ஆசிரியரை வினவினால், கோப்பைத் தொடாதவராயினும் கடைசிக் கமிட்டை எழுதியவருக்கே எல்லா வரிகளும் உரியனவாகக் காட்டப்படும். ‘ஃபெட்ச் டெப்த்’ மதிப்பை 0 என அமைத்தால்தான் முழு வரலாறும் கிடைக்கும்.

கமிட்டில் எழுதியவர், சேர்த்தவர் என இரு புலங்கள் உள்ளன. கெர்னல் திருத்தங்கள் பெரும்பாலும் மின்னஞ்சல் வழி வந்து பராமரிப்பாளரால் சேர்க்கப்படுவதால், இவ்விருவரும் வெவ்வேறு நபர்களாக இருத்தல் இயல்பு. நூலாசிரியரையும் ஏட்டைப் படியெடுத்தவரையும் பிரித்துணரும் பதிப்பாய்வாளர்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. இரண்டிலொன்றை மட்டும் திரட்டும் அட்டவணை அதனை மறைக்கிறது.

நேரமும் இவ்வாறே. மேற்கூறிய முதற் கமிட் உள்ளூர் நேரம் பிற்பகல் 3.20க்கு உரியது. கிட்ஹப்பின் ரெஸ்ட் இடைமுகம் நேரத்தை யுடிசிக்கு மாற்றித் தருவதால், அது இரவு 10.20 எனக் கிடைக்கும். நிரலாளரின் வேலைநேரத்தை ஆராய்வோர் இதனை அப்படியே கொண்டால் முடிவு பிழைபடும்.

முடிவுரை

ஆய்வுக்கெனத் திரட்டுவோர் எல்லைக்குறியைத் தனிப்புலமாகப் பேண வேண்டும். எழுதியவரையும் சேர்த்தவரையும் பிரித்துப் பதிய வேண்டும். மூல நேரத்தை அதன் நேரமண்டலத்துடன் காக்க வேண்டும். விளக்கக்குறிப்பைச் சுருக்காது கொள்ள வேண்டும். லினக்ஸின் வரலாறு ஏன் 2005இல் தொடங்குகிறது என்பதற்கான சான்று அக்குறிப்பில்தான் உள்ளது. இவை விடுபட்ட அட்டவணையைக் கொண்டு ஒருவரின் பங்களிப்பை அளவிடுதல், பெயர் தெரியாத பலரின் உழைப்பைப் பெயர் தெரிந்த ஒருவர் மீது ஏற்றுவதாகவே முடியும்.