ஜார்ஜும் எர்னியும்

ஊமைக்கும் ஏழைக்கும் வாயாக இருப்பது நாவலாசிரியனின் தர்மம் என்ற அபிப்பிராயம் நம்மிடையே வெகு நாட்களாக இருந்துவருகிறது. கௌரவமான அபிப்பிராயந்தான், எழுதுகிறவர்களுக்கு அது கசக்கவா செய்யும்? ஆனால் பிறருக்காகப் பேசுகிறவன் எந்த இடத்தில் பிறரைப் பேசவிடாமல் தடுக்கிறவனாக மாறிவிடுகிறான் என்று நாம் யோசிப்பதில்லை. இரண்டு புத்தகங்களை அடுத்தடுத்துப் படித்தால் யோசிக்காமல் இருக்க முடியாது. ஒன்று உலகப் பிரசித்தி பெற்ற நாவல். மற்றது நம்மில் பலர் பெயர்கூடக் கேள்விப்பட்டிராத ஒரு சின்னஞ்சிறு சுயசரிதை.

நாவல், ஜான் ஸ்டீன்பெக் 1937-இல் வெளியிட்ட 'ஆஃப் மைஸ் அண்ட் மென்'. லென்னி என்ற ஆஜானுபாகுவான கூலியாளுக்கு மலை போன்ற உடம்பு, ஆனால் மந்த புத்தி. அவனுக்குத் துணை ஜார்ஜ். கலிபோர்னியாவில் ஒரு புதுப் பண்ணையில் வேலைக்குச் சேரப் போகும்போது, நீ வாயைத் திறக்கக் கூடாது என்று ஜார்ஜ் லென்னியிடம் முன்கூட்டியே கண்டித்துச் சொல்லிவிடுகிறான். பண்ணைக்காரர் லென்னியைப் பார்த்துக் கேட்கிறார். பதில் ஜார்ஜிடமிருந்து வருகிறது. இவனுடைய கூலியை நீ எடுத்துக்கொள்கிறாயா என்று அந்த மனிதருக்கே சந்தேகம் தட்டிவிடுகிறது! ஜார்ஜ் கெட்டவன் அல்ல. லென்னியிடம் அவனுக்கு இருப்பது உண்மையான பாசம். கடைசியில் லென்னி தெரியாமல் ஒரு கொலைக்குக் காரணமாகி, கும்பல் அவனைத் தேடி வரும்போது, அவர்கள் கையில் சிக்கிச் சித்திரவதைப்பட வேண்டாமென்று ஜார்ஜே அவனைச் சுட்டுவிடுகிறான். அதுவும் பாசத்தினால்தான்.

அந்த முடிவைப் படித்துக் கண் கலங்காதவர்கள் குறைவு. ஸ்டீன்பெக்கின் திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகு ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதலில் லென்னிக்காகப் பதில் சொன்னவனே முடிவில் லென்னியின் உயிரைப் பற்றியும் தீர்மானிக்கிறான். முன்னதைச் சாதாரணமாக ஒப்புக்கொண்ட வாசகனுக்குப் பின்னதும் நியாயமாகவே படுகிறது. கதையின் பலம் அங்கேதான் இருக்கிறது. அதன் ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

டேனியல் கீஸ் எழுதிய 'ஃப்ளவர்ஸ் ஃபார் அல்ஜெர்னான்' (சிறுகதையாக 1959, நாவலாக 1966) ஒரு படி முன்னே போகிறது. அதில் சார்லி கார்டன் 'நான்' என்று சொல்லித் தன் கதையைத் தானே எழுதுகிறான். ஆனால் சத்திர சிகிச்சையினால் மேதையான பிறகுதான் அவன் பேச்சுக்கு மதிப்பு வருகிறது; மேதைமை போனதும் கதையும் முடிந்துவிடுகிறது. புத்தி குறைந்த ஒருவன் புத்தி குறைந்தவனாகவே இருந்துகொண்டு, நாம் கேட்கத் தகுந்த ஒரு விஷயத்தைச் சொல்லக்கூடும் என்பது ஆசிரியருக்குத் தோன்றவில்லை.

இனி அந்தச் சுயசரிதையைப் பார்ப்போம். ஜோயி டீக்கன் 1920-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். பிறவியிலேயே மூளை வாதம். கை கால்கள் சொன்னபடி கேட்காது. அவருடைய பேச்சு கேட்பவர்களுக்கு வெறும் சப்தமாகவே படும். எட்டு வயதில், மன வளர்ச்சி குன்றியவர்களுக்கென்று கேட்டர்ஹாம் என்ற ஊரில் இருந்த பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். வாழ்நாளின் பெரும்பகுதி அங்கேயே கழிந்தது. 1974-இல் அவருடைய 'டங் டைட்' வெளிவந்தது. நாக்குக் கட்டுண்டவன் என்று பொருள்.

அது எழுதப்பட்ட விதம் ஆச்சரியமானது. ஜோயியின் பேச்சைப் புரிந்துகொள்ளக் கூடியவர் அதே ஆஸ்பத்திரியில் இருந்த சிநேகிதர் எர்னி ராபர்ட்ஸ். அவருக்கோ எழுதப் படிக்கத் தெரியாது. ஜோயி சொன்னதை எர்னி திருப்பிச் சொல்ல, மைக்கேல் சாங்ஸ்டர் என்பவர் கையால் எழுதினார். டாம் பிளாக்பர்ன் அதை டைப் அடித்தார். அவருக்கும் படிக்கத் தெரியாது. ஒவ்வோர் எழுத்தாக மற்றவர்கள் சொல்லச் சொல்லத் தட்டினார். நால்வரும் அந்த ஆஸ்பத்திரிவாசிகளே. இப்படியாகப் பதினான்கு மாதங்கள்.

அப்படியானால் எழுதியது யார் என்று விமரிசகர் கேட்கலாம். நம் நாட்டில் இந்தக் கேள்வி எழவே கூடாது. வியாசர் சொல்லப் பிள்ளையார் எழுதினார் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். யாராவது மகாபாரதத்தைப் பிள்ளையார் பாரதம் என்கிறோமா? ஒரு வார்த்தை பிசகினால் அதை மறுப்பதற்கு ஜோயி பக்கத்திலேயே இருந்தார். ஜார்ஜுக்கும் எர்னிக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். ஜார்ஜ் லென்னிக்குப் பதிலாகப் பேசுகிறான். எர்னியோ ஜோயி பேசியதையே திருப்பிச் சொல்கிறார்.

புத்தகம் இலக்கியமாகத் தேறுமா? ஸ்டீன்பெக்கின் பக்கத்தில் வைத்தால் தேறாதுதான். நடை எளிமையானது, அழ வைக்கும் முயற்சி எதுவும் கிடையாது. நாவலாசிரியன் வாசகனை உருக்குவதற்கு எது தேவையோ அதைப் பொறுக்கி எடுக்கிறான். இங்கே ஒரு மனிதர் தமக்கு எது முக்கியமோ அதைச் சொல்கிறார். நமக்குச் சுவாரசியப்படாத விஷயத்தையும் சொல்ல அவருக்குப் பாத்தியதை உண்டு என்பதை ஒப்புக்கொள்ளும்போதுதான் நாம் உண்மையில் கேட்க ஆரம்பிக்கிறோம்.

இது வெறும் இலக்கியப் பிரச்னை அல்ல. அதே 1974-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாகாணத்தில், புத்தி வளர்ச்சி குன்றியவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டவர்கள் தாங்களே கூடி ஒரு மகாநாடு நடத்தினார்கள். என்னை முதலில் ஒரு மனிதப் பிறவியாகப் பாருங்கள் என்று அவர்களில் ஒருவர் சொன்னதிலிருந்து 'பீப்பிள் ஃபர்ஸ்ட்' என்ற பெயர் அவர்கள் இயக்கத்துக்கு வந்தது. பிறகு பல தேசங்களுக்கும் பரவியது. எங்கே குடியிருப்பது, யாரோடு இருப்பது, கையிலுள்ள காசை எப்படிச் செலவழிப்பது என்பதையெல்லாம் நாங்களே சொல்கிறோம் என்பதுதான் அவர்கள் கோரிக்கை. ஐக்கிய நாடுகள் சபை 2006-இல் ஏற்று, இந்தியா 2007-இல் உறுதி செய்த உடன்படிக்கையும், தீர்மானிக்க உதவி வேண்டுமானால் உதவி செய்யுங்கள், தீர்மானத்தையே பறித்துக்கொள்ளாதீர்கள் என்ற வழியில்தான் போகிறது. எர்னிகள் வேண்டும், ஜார்ஜுகள் வேண்டாம்.

ஆனால் சட்டம் எழுதினால் காது திறந்துவிடுமா? 1981-இல் பி.பி.சி.யின் குழந்தைகள் நிகழ்ச்சி ஒன்று ஜோயியை நல்லெண்ணத்தோடுதான் நாடறியச் செய்தது. விளைவு என்ன? பள்ளிக்கூட மைதானங்களில் ஒருவரையொருவர் ஏசும் வசைச்சொல்லாக அவர் பெயரைப் பிள்ளைகள் ஆக்கிக்கொண்டார்கள். அவரைப் பார்த்தவர்கள் லட்சக்கணக்கானவர்கள். அவர் சொன்னதைக் கேட்டவர்கள் எத்தனை பேர்? அந்த வருஷமே அவர் காலமானார்.

நம் குடும்பங்களிலும் இப்படி ஒரு சித்தப்பாவோ, கல்யாணமாகாத அத்தையோ இருப்பதுண்டு. விருந்தாளி வந்து அவரிடம் நேராகவே, "சாப்பிட்டாயிற்றா?" என்று விசாரித்தால், "ஆயிற்று, ஆயிற்று" என்று அடுக்களையிலிருந்து வேறு யாரோ பதில் சொல்லுவார்கள். பாசத்தினால்தான். அடுத்த தடவை அந்தப் பதிலுக்குச் சற்றுப் பொறுத்திருந்து பார்க்கலாம். பதினான்கு மாதங்கள் ஆகாது.