நாலு வாரத் தொண்டும் நாலு தலைமுறை மராமத்தும்

1968 ஏப்ரலில் இவான் இல்லிச் அமெரிக்க மாணவர்கள் சிலரிடம் ஒரு உரை நிகழ்த்தினார். கோடை விடுமுறையில் மெக்சிகோ கிராமங்களுக்குப் போய்ச் சில வாரம் சேவை செய்யக் கிளம்பியிருந்த பிள்ளைகள் அவர்கள். நாலு வார்த்தை பாராட்டுவார் என்று நினைத்து உட்கார்ந்திருப்பார்கள். அவர் சொன்னதோ நேர் எதிர். ஊரைப் பாருங்கள், மலை ஏறுங்கள், படியுங்கள், ஆனால் உதவி செய்ய மட்டும் வராதீர்கள் என்பதுதான் அந்தப் பேச்சின் சாரம். இன்றைக்கும் 'தொண்டுச் சுற்றுலா' பற்றி யார் குறை எழுதினாலும் கடைசியில் இந்தப் பேச்சில்தான் வந்து நிற்கிறார்கள்.

நான் இதைத் திரும்பப் படிக்க வேண்டி வந்ததற்குக் காரணம் என் அண்ணன் மகள். அமெரிக்காவில் பிறந்து வளர்ந்தவள். "சித்தப்பா, ராஜஸ்தான் பாலைவனத்துல ஒரு கிராமத்துல நாலு வாரம் வாலன்டியரா இருக்கலாம்னு பாக்கறேன், போலாமா?" என்று கேட்டாள். இதற்குப் பணம் கட்ட வேண்டுமாம். பள்ளிச் சுவருக்கு பெயின்ட் அடிப்பது, குழந்தைகளுக்கு இங்கிலீஷ், ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டுவது என்று வாரவாரியாக அட்டவணையும் அனுப்பியிருந்தாள். உடனே போ என்றோ போகாதே என்றோ சொல்ல மனசு வரவில்லை. அதனால் மூன்றை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தேன்: இல்லிச்சின் பேச்சு, ராஜஸ்தான் தண்ணீர் பற்றி அனுபம் மிஸ்ரா எழுதிய புத்தகம், 'சோலார் மாமாஸ்' என்ற ஆவணப்படம். மூன்றையும் காவிரிப் பாசனத்தில் வளர்ந்தவனாகத்தான் பார்த்தேன். அது சில இடங்களில் உதவியது, சில இடங்களில் உறுத்தியது.

முதலில் புத்தகம். அனுபம் மிஸ்ரா தில்லியில் காந்தி அமைதி நிறுவனத்தில் இருந்து வேலை பார்த்தவர், 2016 டிசம்பரில் காலமானார். 1993இல் ஏரி குளங்களைப் பற்றி 'ஆஜ் பீ கரே ஹைன் தாலாப்' எழுதினார். அதற்கு இரண்டு வருடம் கழித்து வந்தது 'ராஜஸ்தான் கீ ரஜத் பூந்தேன்', அதாவது ராஜஸ்தானின் வெள்ளித் துளிகள். இரண்டுக்கும் காப்புரிமை கிடையாது, யார் வேண்டுமானாலும் அச்சடித்துக் கொள்ளலாம்.

இரண்டாவது புத்தகத்தில் 'குயீ' என்ற ஒன்றைப் பற்றி ஒரு அத்தியாயம் வருகிறது. குயீ என்றால் ஒடுக்கமான சின்னக் கிணறு. நம்ம ஊர்க் கிணறு நிலத்தடி நீரைத் தொடுகிறது, குயீ தொடாது. அந்தப் பகுதியில் ஆழத்தில் இருப்பது உப்புத் தண்ணீர். ஆனால் சில இடங்களில் மணலுக்குக் கீழே, உப்புத் தண்ணீருக்கு மேலே, ஜிப்சம் அடுக்கு ஒன்று படுத்திருக்கிறது. மழைநீர் மணலில் இறங்கி அந்த அடுக்கின் மேல் ஈரமாகவே தங்கிவிடுகிறது. அங்கே ஒரு ஒடுக்கமான குழி தோண்டினால், சுற்றியுள்ள ஈரம் சொட்டுச் சொட்டாகக் கசிந்து அடியில் சேரும். நாளைக்கு இரண்டு மூன்று குடம் தேறும், அவ்வளவுதான். குழியை அகலமாக வெட்டினால் அந்தக் கொஞ்சத் தண்ணீரும் தரையில் பரவிப்போய் மொள்ள முடியாமல் ஆகிவிடும். ஆகவே ஒடுக்கம்தான் இதில் டிசைன்.

ஆக அவர்களுக்குத் தண்ணீரிலேயே மூன்று வகை. மேலே ஓடுவது பாலர், ஆழத்தில் இருப்பது பாதாள், இடையில் ஈரமாக நிற்பது ரேஜாணி. மழையையும் மில்லிமீட்டரில் சொல்வதில்லை. ஈரம் மணலில் எத்தனை விரற்கடை இறங்கியது என்றுதான் கணக்கு. வருடத்துக்கு 1,000 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெறும் தஞ்சாவூர்க்காரன் எனக்கு, 200 மில்லிமீட்டர்கூடத் தொடாத ஜெய்சல்மேரின் இந்தக் கணக்கு மலைப்பாக இருந்தது.

தோண்டுகிறவருக்குப் பேர் சேஜாரோ. நின்று மண்வெட்டியை வீச உள்ளே இடம் இருக்காது. உட்கார்ந்தபடி, குட்டைக் கைப்பிடி உளியால் கொத்தி இறங்க வேண்டும். உள்ளே புழுக்கம் ஏறும்போது, மேலே நிற்பவர்கள் கைப்பிடி கைப்பிடியாக மணலை விசிறி உள்ளே போடுவார்கள், அதோடு கொஞ்சம் புதுக் காற்றும் இறங்கும். மணல் தலையில் விழாமல் இருக்க உள்ளே இருப்பவர் உலோகத் தொப்பி போட்டிருப்பார். சுவர் சரியாமல் இருக்க, புல்லில் திரித்த கயிற்றையே உள்ளே சுருள் சுருளாக அடுக்கிக்கொண்டு போவார்கள்.

இதைப் படித்துவிட்டு அந்த அட்டவணையைப் பார்த்தால், மூன்றாவது வாரத்துத் 'தண்ணீர்த் தொட்டி' கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. எங்கே ஜிப்சம் இருக்கிறது, எங்கே இல்லை என்று அந்த ஊருக்குத் தெரியும். நாலு வாரத்துக்கு வருகிற பிள்ளைக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள அந்த நாலு வாரம் போதவும் போதாது. இது வரை இல்லிச் சொன்னது சரி.

ஆனால் இல்லிச்சிடம் எனக்கு ஒரு குறை உண்டு. அவர் பார்வையில் உதவி ஒரே திசையில்தான் ஓடுகிறது: பணக்கார நாட்டுப் பிள்ளை ஏழை நாட்டுக் கிராமத்துக்குப் போகிறது. திசை மாறினால் என்ன ஆகும் என்ற கேள்வி அந்தப் பேச்சில் இல்லை. அதைக் காட்டுவதுதான் 2012இல் வந்த 'சோலார் மாமாஸ்'. மோனா எல்தயீஃப், ஜெஹான் நுஜைம் இருவரும் இயக்கியது.

கதை எளிமையானது. ஜோர்டான் பாலைவனத்து பெதூயின் பெண் ரஃபேயா, நாலு பெண் குழந்தைகளின் தாய். ராஜஸ்தானில் அஜ்மீர் மாவட்டத்துத் திலோனியாவில் உள்ள 'பேர்ஃபுட் காலேஜு'க்கு ஆறு மாதப் பயிற்சிக்கு வருகிறார். பங்கர் ராய் 1972இல் தொடங்கிய இடம் அது. எழுதப் படிக்கத் தெரியாத, அல்லது கொஞ்சமே தெரிந்த கிராமத்துப் பெண்களுக்கு அங்கே சோலார் விளக்கு பொருத்தவும் பழுதுபார்க்கவும் சொல்லித் தருகிறார்கள். ரஃபேயாவோடு கென்யா, புர்கினா ஃபாசோ, கொலம்பியா, குவாதமாலா நாட்டுப் பெண்களும் இருக்கிறார்கள். பொது மொழி கிடையாது. நிறம், சைகை, கை வேலை, இவைதான் பாடம். சொல்லித் தருகிறவர்களில் பலரும் இதே மாதிரி வந்து கற்றுக்கொண்ட கிராமத்துப் பெண்கள்தான். ரெசிஸ்டரின் வண்ணப் பட்டைகளைப் பி.இ. முதல் வருடம் உருப்போட்டு மண்டை காய்ந்த என் போன்றவர்கள் இதைக் கட்டாயம் பார்க்கணும். வண்ணம் என்பது யாருக்கும் புரியும் மொழி, நாங்கள்தான் அதைப் பரீட்சையாக்கி வைத்திருந்தோம்.

இதுவும் 'வெளிநாட்டுப் பாலைவனச் சமூகத்தில் பல வாரம்' தங்குவதுதான். ஆனால் உதவ வந்தவர் இங்கே யாரும் இல்லை, வந்தவர் கற்க வந்தார். கற்றதைத் தன் ஊரில் வைத்துக் காப்பாற்றும் பொறுப்போடு திரும்புகிறார். பங்கர் ராய் பாட்டிமார்களையே விரும்பித் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமும் இதுதான். ஆண் பிள்ளை ஒரு சான்றிதழ் கிடைத்ததும் பட்டணத்துக்குப் போய்விடுவான், பாட்டி ஊரிலேயே இருப்பாள் என்று அவர் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். சிரிப்பாக இருந்தாலும், சாஃப்ட்வேர்க்காரன் என்ற முறையில் இதை நான் ரொம்ப சீரியஸாக எடுத்துக்கொள்கிறேன். எந்த சிஸ்டமும் கட்டுகிற ஆளால் உயிர் வாழ்வதில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு நின்றுபோனால் எழுந்து வருகிற ஆளால்தான் அது வாழ்கிறது.

படத்தின் பலவீனமும் இங்கேதான். ரஃபேயாவின் கணவர் 'திரும்பி வா, இல்லாவிட்டால் பிள்ளைகளைப் பிரித்துவிடுவேன்' என்று மிரட்ட, அவர் பாதியில் ஊருக்குப் போகிறார், பிறகு போராடி மறுபடி வருகிறார். கேமரா பெரும்பாலும் இந்த நாடகத்தின் பின்னாலேயே போகிறது. வீட்டுச் சண்டை முக்கியம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சோலார் விளக்கோடு வரும் ஈய-அமில பேட்டரி நாலைந்து வருடத்தில் படுத்துவிடும். புது பேட்டரிக்கு யார் காசு கொடுப்பார்கள், ரஃபேயாவுக்கு மாதச் சம்பளம் யார் தருவார்கள் என்ற கேள்விகளைப் படம் தன் எல்லைக்கு வெளியே விட்டுவிடுகிறது. ஒரு பெண் வென்றாள் என்பதில் நமக்கு மனசு நிறைந்துவிடுகிறது. விளக்கு எரிகிறதா என்று கேட்க மறந்துவிடுகிறோம்.

மிஸ்ராவிடமும் இதே மாதிரி ஒரு மௌனம் உண்டு, அதைப் புரிந்துகொள்ளத் தஞ்சாவூர் உதவுகிறது. குளம் தூர்வார ஊரே திரண்டு கூலியில்லாமல் உழைப்பதை ராஜஸ்தானில் ல்ஹாஸ் என்பார்கள் என்று மிஸ்ரா எழுதுகிறார். நமக்கு அது குடிமராமத்து. ஜூன் 12 மேட்டூர் திறப்பதற்குள் ஆறு வாய்க்காலெல்லாம் தூர்வாரி முடித்தால்தான் தண்ணீர் கடைமடைக்குப் போய்ச் சேரும் என்பது டெல்டாவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மண்ணைச் சுமந்தது யார்? சோழர் கல்வெட்டுகளிலேயே கூலியில்லா உழைப்புக்கு 'வெட்டி' என்று பேர் இருக்கிறது. 1858இல் மதராஸ் அரசு இந்த மராமத்தைக் 'கட்டாய உழைப்புச் சட்டம்' என்ற பேரில்தான் எழுதி வைத்தது. நிலம் மிராசுதாருடையது, தண்ணீர் பாய்ந்ததும் அந்த நிலத்துக்குத்தான், வாய்க்காலில் இறங்கியதோ பண்ணையாள். அந்தப் பண்ணையாளுக்குச் சட்டத்தில் ஒரு பாதுகாப்பு கிடைக்க 1952 வரை காத்திருக்க வேண்டி வந்தது.

மிஸ்ரா கைவினைஞர்களைக் கொண்டாடுகிறார், உண்மை. சேஜாரோவுக்கு முன்பெல்லாம் மரியாதையும் விளைச்சலில் பங்கும் இருந்தது, இப்போது வெறும் கூலியாகிவிட்டது என்று வருத்தப்படுகிறார். ஆனால் அந்த மரியாதை எந்தச் சாதி வரை போனது, யார் கயிறு எந்தக் குயீயில் இறங்கக் கூடாது என்பதில் அவர் நிற்பதே இல்லை. ஊர் அறிவைப் போற்றும் எழுத்துகளுக்கு இது ஒரு பொதுவான வியாதி. 'ஊர்' என்று சொன்னால் அதற்குள் சேரி வருகிறதா இல்லையா என்பதைக் கேட்டே ஆகணும்.

இவ்வளவு சொன்னதால் குறுகிய காலத் தொண்டே வீண் என்று அர்த்தமில்லை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறியபோது, தார்ப்பாயும் மெழுகுவர்த்தியும் மர அறுப்பு மிஷினும் எடுத்துக்கொண்டு எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்தார்கள். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் சாய்ந்து கிடந்த தென்னைகளுக்கு நடுவே அந்தச் சில நாள் உழைப்புக்கு விலையே இல்லை. அங்கே தேவைப்பட்டது கை. பாதை மறித்த மரத்தை அறுக்க ஊரின் நூறு வருடச் சரித்திரம் தெரிய வேண்டியதில்லை. கன்று நட்டு, அது காய்க்கிற வரை காத்திருந்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள்தான்.

அண்ணன் மகளுக்கு எழுதிய பதிலில் இரண்டே கேள்விதான் வைத்தேன். நீ கட்டப் போகும் தொட்டியில் அடுத்த வருடம் விரிசல் விழுந்தால் யார் பூசுவார்கள், அவருக்கு யார் கூலி தருவார்கள்? அந்த ஊரில் உனக்குச் சொல்லித் தரப் போகிறவர் யார், நீ கட்டும் பணத்தில் அவருக்கு எவ்வளவு போகிறது? பதில் இருந்தால் தாராளமாகப் போ, மாணவியாகப் போ என்று எழுதினேன். அட்டவணையை அனுப்பியவர்களிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள்.

இந்தக் கேள்விகளை நம் பக்கமும் திருப்பலாம். 2017இல் தமிழக அரசு 'குடிமராமத்து' என்ற பழைய பேரைத் தூசி தட்டித் திட்டமாக்கியது. பேர் திரும்பி வந்துவிட்டது. வாய்க்கால் கரையில் குடியிருந்தும் நிலமில்லாதவர்களுக்கு அந்தக் 'குடி'யில் இடம் உண்டா, மண் அள்ளுகிற கைக்குக் கணக்குப் பார்க்கும் உரிமையும் உண்டா என்பதைப் பொறுத்துத்தான் அது மராமத்தா, இல்லை பழைய வெட்டியா என்று சொல்ல முடியும்.