எந்தச் சக்கரம் சுற்றுகிறது?

காவிரிக் கடைமடையில் மேடு பள்ளமே கிடையாது என்று யாராவது சொன்னால், அவர் இரண்டு சக்கரத்தில் போகிறவர் என்று புரிந்துகொள்ளுங்கள். எங்கள் காரைக்கால் மாவட்டத்துத் திருவேட்டக்குடியில் குன்றும் இல்லை, ஏற்றமும் இல்லை. நெடுஞ்சாலையிலிருந்து சுந்தரேசுவரர் கோயிலுக்கோ கடற்கரைக்கோ மூச்சு வாங்காமல் மிதித்துக்கொண்டு போகலாம். ஆனால் பெரியவர்களுக்கான மூன்று சக்கர சைக்கிளில் ஏறி உட்கார்ந்து பாருங்கள். ஊர் முழுவதும் சாய்ந்து கிடப்பது அப்போதுதான் தெரியும்.

வடகிழக்குப் பருவமழை கொட்டுகிற ஊரில் சாலையை நடுவில் உயர்த்தி, இருபுறமும் தாழ்த்தித்தான் போட முடியும். மழை அதிகமுள்ள இடத்தில் மெல்லிய தார்ச் சாலைக்கு 2.5 சதவீதச் சரிவு, மண் சாலைக்கு 4 சதவீதம் என்று இந்திய சாலைகள் காங்கிரஸ் வகுத்திருக்கிறது. பின்சக்கரங்களுக்கு இடையே 70 சென்டிமீட்டர் இருக்கிற வண்டியில், தார்ச் சாலையில் இடது சக்கரம் வலதைவிட ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் தாழ்ந்து ஓடும். மண் சாலையில் கிட்டத்தட்ட மூன்று. இது ஏட்டுக் கணக்கு. ஒட்டு மேல் ஒட்டுப் போட்ட நம் தெருக்களின் ஓரம் எந்த ஏட்டிலும் அடங்காது.

இரண்டு சக்கர வண்டி இதைக் கண்டுகொள்வதில்லை. சாலை எப்படிச் சாய்ந்தாலும் அது நிமிர்ந்தே போகும். மூன்று சக்கரம் சாலையோடு சேர்ந்து சாயும், சாய்ந்த பக்கமே போகப் பார்க்கும். நாம் இடப்புறமாகப் போகிறவர்கள் என்பதால் போகும்போதும் இடப்பக்கம் இழுக்கிறது, வரும்போதும் இடப்பக்கம் இழுக்கிறது. வீடு திரும்பி இறங்கும்போது கால் வலிக்காது, தோள்பட்டை வலிக்கும்.

அக்காவுக்காக வாங்கிய வண்டி இது. மழைக்காலத்துக்கு முன்பே வந்துவிட்டது. அடைமழை, வெயில், உப்புக்காற்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டது. இருபத்து நான்கு அங்குலச் சக்கரம், கியர், பின்னால் பெரிய கூடை என்று விவரங்கள் எல்லா விளம்பரத்திலும் இருக்கின்றன. விளம்பரத்தில் இல்லாததைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

முதலில் சந்தை. நம் ஊர் சைக்கிள் கடைகளில் இந்த வண்டி நின்று நான் பார்த்ததில்லை. புதிதாக வேண்டுமென்றால் இணையம்தான், பழையதென்றாலும் இணையம்தான். ஒருவர் விலை சொல்ல, அடுத்தவர் ஏற்றிக் கேட்கிற இணைய ஏலம் நம் நாட்டில் ஒரு காலத்தில் நன்றாகவே நடந்தது. பாஸி டாட் காம் என்று 2000-ல் தொடங்கினார்கள், 2004-ல் ஈபே அதை வாங்கியது, 2018-ல் ஈபே இந்தியா கடையைக் கட்டியது. இப்போது இருப்பது ஓ.எல்.எக்ஸ்., ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் போன்ற இடங்களில் படம் போட்டு விற்கும் வழக்கம். பெயர்தான் ஏலம் இல்லையே தவிர, நடப்பது ஏலம்தான். “கடைசி விலை சொல்லுங்க” என்று நாம் ஆரம்பித்தால், “இன்னொருத்தர் ஆயிரம் கூடக் கேட்டிருக்கார்” என்று பதில் வரும். அந்த இன்னொருத்தரைக் கண்ணால் கண்டவர் இல்லை.

காரைக்கால் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுக்கிறவர் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் விலை கேட்பார். இங்கே செவுளைக் காட்டாமலே ஏலம் போகிறது. விற்பவர் அனுப்புகிற படங்களைப் பாருங்கள்: பளபளக்கும் கூடை, மணி, சீட், பூந்தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கும் முழு வண்டி. பின் அச்சை மட்டும் யாரும் படம் எடுப்பதில்லை. இந்த வண்டியின் உயிர் முழுவதும் அந்த அச்சில்தான் இருக்கிறது.

ஏனென்று சொல்கிறேன். மூன்று சக்கர வண்டி ஒரு முழு வட்டத்தில் பாதி திரும்பினால், வெளிப்பக்கச் சக்கரம் உட்பக்கத்தைவிட இரண்டு மீட்டருக்கு மேல் கூடுதலாக ஓட வேண்டும். இரண்டையும் ஒரே அச்சில் இறுக்கிப் பூட்டினால் ஒன்று தரையில் தேய்ந்தபடி இழுபடும், திருப்பமே கஷ்டமாகிவிடும். இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, இரண்டு சக்கரத்தையும் பெடல் உந்தினாலும் அவற்றை வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுகிற டிஃபரன்ஷியல் வைப்பது. கோவென்ட்ரி நகரத்து ஜேம்ஸ் ஸ்டார்லி 1877-ல் மூன்று சக்கர சைக்கிளில் அதை வைத்துக் காட்டிவிட்டார். அவருடைய வண்டியைப் பார்த்து விக்டோரியா மகாராணியே 1881-ல் வாங்கினார். இன்றைக்கு ஓடும் கார்கள் பெரும்பாலும் திரும்புவது அதே உபாயத்தால்தான். இரண்டாவது வழி மலிவானது: ஒரு பின்சக்கரத்தை மட்டும் பெடலோடு இணைத்துவிட்டு, மற்றதைச் சும்மா சுற்ற விடுவது.

கைக்கு அடக்கமான விலையில் கிடைக்கும் வண்டிகள் பெரும்பாலும் இரண்டாவது வகை. என் மனத்தாங்கல் இங்கேதான். கிட்டத்தட்ட நூற்றைம்பது ஆண்டுக்கு முன் தீர்ந்த சிக்கலைத் தீர்க்காமல் விட்டுவிட்டு, அந்தக் காசில் ஹேண்டில்பாரில் தண்ணீர் பாட்டில் தாங்கி வைத்துக் கொடுக்கிறார்கள். சரி, ஒற்றைச் சக்கரம்தான் என்றால் எந்தச் சக்கரம்? அதையாவது எழுதலாம் அல்லவா? விளம்பரத்திலும் இல்லை, பெட்டியிலும் இல்லை. வருஷக்கணக்கில் ஓட்டிய விற்பவரிடம் கேட்டாலும், “ரெண்டும்தான் சார் சுத்துது” என்கிறார்.

நம் சாலைக்கு இந்த வித்தியாசம் பெரிது. இடது சக்கரம் உந்தினால் வண்டியின் மூக்கு வலப்பக்கம் திரும்பப் பார்க்கும். சாலை இடப்பக்கம் இழுக்க, மிதி வலப்பக்கம் தள்ள, இரண்டும் ஓரளவு சமன் ஆகிவிடும். மேலும் சரிவில் எடை தாழ்ந்த பக்கம் இறங்குவதால் இடது சக்கரத்துக்குப் பிடிமானமும் கூடுதல். வலது சக்கரம் உந்தினால் எல்லாம் தலைகீழ். சாலையும் இடப்பக்கம் இழுக்கும், மிதியும் இடப்பக்கம் தள்ளும், மணல் படிந்த இடத்தில் அந்தச் சக்கரம் வெறுமனே சுழலும். எங்கள் வீட்டுக்கு வந்தது வலது.

வண்டியை வைத்திருந்தவர் புதுச்சேரிக்காரர். அங்கிருந்து காரைக்கால் 130 கிலோமீட்டருக்கு மேல். நடுவில் கடலூரும் சிதம்பரமும் சீர்காழியும் தமிழ்நாடு. மோட்டார் வண்டி என்றால் பதிவு, காகிதம் என்று பேச்சு இருந்திருக்கும். மிதிவண்டிக்கு எதுவும் தேவையில்லை, காய்கறிக் கூடைகளோடு ஒரு குட்டி யானையில் ஏறி வந்து இறங்கியது.

இறங்கியதும் நான்தான் முதலில் ஏறினேன். சிறுவயதிலிருந்து சைக்கிள் மிதித்த உடம்பு திரும்பும்போது தானாகச் சாய்கிறது. வண்டி சாய மறுக்கிறது. வேகமாகத் திருப்பினால் உட்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்புகிறது. தெருமுனையில் நான் வேலியோரம் போனதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பையன், “மாமா, இது மீன்பாடி வண்டியா?” என்று கேட்டான்.

அக்காவுக்கு அறுபது வயது தாண்டிவிட்டது, ஆயுளில் சைக்கிள் தொட்டதில்லை. ஏறி உட்கார்ந்தார், ஹேண்டிலைத் திருப்பினார், வண்டி திரும்பியது. அவ்வளவுதான். மறக்க வேண்டிய பழக்கம் எதுவும் அவர் உடம்பில் இல்லை. திருப்பத்துக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பதும் பயத்தினாலேயே வந்துவிட்டது. இப்போது கடைத்தெருவுக்கும் ரேஷன் கடைக்கும் அவர் யாரையும் கூப்பிடுவதில்லை. கூடையில் அரிசிச் சிப்பம் ஏறினால் எடை பின் அச்சின் மேலேயே உட்கார்வதால் வண்டி இன்னும் அடங்கி நிற்கிறது. மீன்காரம்மா கூடையை இறக்கினால் காலை ஊன்றாமல், சீட்டிலிருந்து இறங்காமல் பேரம் பேசுகிறார். இந்தச் சுகத்தை எந்த இருசக்கர வண்டியும் தராது.

இடப்பக்க இழுப்புக்கு அக்கா கண்டுபிடித்த மருந்து ஒன்று உண்டு: நடுத்தெருவில் போவது. சாலையின் முதுகில் ஓட்டினால் இரண்டு பின்சக்கரமும் ஒரே உயரம், சாலையின் இழுப்பு இல்லை. “ஹாரன் அடிக்கிறவன் அடிக்கட்டும்டா, எனக்குக் கை வலிக்குது” என்பது அவர் வாதம். உள்தெருவில் சரி. என்.ஐ.டி. வளாகம் இருக்கிற நெடுஞ்சாலைப் பக்கம் இந்த வண்டியில் போவதே இல்லை என்று பேசி வைத்திருக்கிறோம். கண்ணாடி ஒன்றும் மாட்டிவிட்டேன்.

மற்ற குறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எங்கள் வீட்டில் ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும்தான் ஓடின, அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் செய்த வண்டிக்குக் கோனும் பால்ஸும் எந்த ஊர்ப் பெட்டிக்கடை மெக்கானிக்கிடமும் கிடைக்கும். இந்த வண்டியின் பின் அச்சுக்குத் தேவையான பேரிங்கைக் கேட்டால் உள்ளூர் மெக்கானிக் வானத்தைப் பார்க்கிறார். செயின் நீளம், அதனால் உப்புக்காற்றில் துருவும் நீளம். எண்ணெய் விட மறந்தால் மூன்றாம் நாளே சத்தம் கொடுக்கும். ஒரு நல்லதும் உண்டு: பின்சக்கரங்கள் ஒரு பக்கம் மட்டுமே அச்சில் மாட்டியிருப்பதால், பஞ்சர் ஆனால் சக்கரத்தைக் கழற்றாமலே வெளிப்பக்கமாக ட்யூபை உருவி எடுத்துவிடலாம்.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். கடலோர ஊர் வண்டியைவிட உள்நாட்டு ஊர் வண்டி மேல். ரிம்மின் உள்விளிம்பும் போக்ஸ் கம்பியின் அடியும் துருப்பிடித்திருந்தால் பெயிண்ட் எவ்வளவு மின்னினாலும் வேண்டாம். வீட்டு வாசல் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். இடைவழியில் மாட்டிக்கொண்டால் இந்த வண்டியைச் சாய்த்து நுழைப்பது ஓர் ஆளால் முடியாது. கான்பூர் அலிம்கோ தயாரித்து, மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு இலவசமாகத் தரும் கையால் சுற்றும் வண்டிகளும் சில சமயம் விற்பனைக்கு வருகின்றன. அவற்றைத் தொடாதீர்கள், அது இன்னொருவருக்குச் சேர வேண்டியது. பழைய வண்டியை விற்கப் போகிறவர்களுக்கும் ஒன்று: ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி, பணம் அனுப்ப க்யூ.ஆர். கோடு தருகிறேன் என்பவர் மோசடிக்காரர். பணம் பெறுவதற்கு யு.பி.ஐ.யில் ரகசிய எண் போடத் தேவையே இல்லை.

என் தீர்ப்பு இது. சைக்கிள் நன்றாகத் தெரிந்தவர் இதை வாங்கினால் எரிச்சல்தான் மிஞ்சும். சைக்கிளே தெரியாத, ஊருக்குள் யாரையும் எதிர்பார்க்காமல் போய்வர ஆசைப்படுகிற அக்காவோ அம்மாவோ வீட்டில் இருந்தால், பழையதாகவே வாங்குங்கள். புதியதன் விலைக்கு இதில் ஒன்றும் கூடுதலாகக் கிடைப்பதில்லை. விலை பேசுவதற்கு முன் விற்பவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கிப் பெடலைச் சுற்றி ஒரு வீடியோ. இரண்டும் சேர்ந்து சுற்றினால், கையால் ஒன்றைப் பிடித்தால் மற்றது சுற்றுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்; சுற்றினால் டிஃபரன்ஷியல், கேட்ட விலை கொடுக்கலாம். இடது மட்டும் சுற்றினால் பேரம் பேசி வாங்குங்கள். வலது மட்டும் சுற்றினால் பாதி விலைக்குக் கேளுங்கள். வீடியோ அனுப்ப மறுப்பவரிடம் எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.