லபுட்டாத் தையலும் மடன் என்னும் நகையும்

நகைக்கு நிலைக்களனாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினைத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலுள் வகுத்தார். ஜோனதன் சுவிப்ட் 1726-இல் வெளியிட்ட 'கலிவரின் யாத்திரைகள்' என்னும் நூலின் மூன்றாம் பகுதியில், லபுட்டா என்னும் பறக்கும் தீவினர் உயர்கணிதத்தை அன்றாட வாழ்விற் புகுத்தி நகைக்கு இடமாகின்றனர். அந்நகை எவ்வகைத்து என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

விருந்தில் ஆட்டிறைச்சி சமபக்க முக்கோணமாக அறுக்கப்பட்டு வருகின்றது. இனிப்புப் பண்டமோ, உருளும் சக்கரத்தின் விளிம்பிலுள்ள புள்ளி வரையும் வளைவாக வருகின்றது. 17-ஆம் நூற்றாண்டுக் கணித வல்லுநர் தம்முட் பூசலிட்ட வளைவு அது. இதனால் ஊறு யாதுமில்லை. வடிவத்தாற் சுவை கெடாது. தையற்காரன் செயலோ வேறு. கால்வட்டக் கருவியாற் கலிவரின் உயரங் கண்டு, அளவுகோலும் கவராயமும் கொண்டு உடலை வரைந்து, ஆறு நாளில் அவன் கொணர்ந்த உடை உருக்கெட்டிருந்தது. கணக்கில் ஓர் எண் பிழைத்துவிட்டது.

இதனைக் கணிதத்தை எள்ளியதாகக் கொள்ளுதல் பொருந்தாது. பிழைத்தது கணிதமன்று, கணக்கிட்டவனே. அறிவின்மையாகிய பேதைமையும் அன்று, அவர் கற்றோர். கொளுத்தியதைக் கொண்டு, கொண்டதை விடாமையே மடன் என்பது பேராசிரியர் உரை. உடம்பைக் கயிற்றாற் சுற்றியளப்பவன் தன் பிழையை அப்பொழுதே காண்பான். விண்ணளக்கும் கருவியை விடாதவனுக்கு அது புலப்படவில்லை. இத்தகைய பிழைகள் அங்கு அடிக்கடி நேர்வன என்றும், அவற்றை எவரும் பொருட்படுத்துவதில்லை என்றும் கண்டு கலிவர் ஆறுதல் கொள்கின்றான். அத்தீவில் நகுவார் இலர். ஆகலின் திருந்துவாரும் இலர்.