இரட்சணிய யாத்திரிகம்: அன்பும் அதற்கேற்ற நடையும்

'கிறித்தவக் கம்பர்' என்னும் பட்டமே எச்.ஏ. கிருட்டிணபிள்ளையைப் பற்றி மாணாக்கர் மனனம் செய்யும் முதற் செய்தி. பெரும்பாலும் அதுவே இறுதிச் செய்தியாகவும் நின்றுவிடுகிறது. அப்பட்டம் புலவரின் செய்யுள் திறத்தைச் சுட்டுகிறதேயன்றி, அவர்தம் காப்பியம் எழுப்பும் வினாவைச் சுட்டவில்லை. இறைவனின் அன்பைப் பெற்ற மனிதன் அதற்கு எவ்வாறு மறுமொழி தருவான் என்பதே அவ்வினா.

கிருட்டிணபிள்ளை (1827–1900) நெல்லைச் சீமையில் வைணவக் குடியில் தோன்றியவர், தமிழாசிரியராகப் பணியாற்றியவர், 1858-இல் திருமுழுக்குப் பெற்றவர். ஜான் பனியன் 1678-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட உரைநடை நூலைத் தழுவி, ஐந்து பருவங்களாக அவர் யாத்த காப்பியம் 1894-இல் நூலாயிற்று. பாவச்சுமையைத் தாங்கிய ஒருவன் அழிவின் நகரை நீங்கி வான்நகர் நோக்கி நடப்பதே கதை.

மூலநூலில் சிலுவையடியில் சுமை கழன்று வீழும் காட்சி மிகச் சுருக்கமானது. தமிழ்ப் புலவரோ குமார பருவத்தில் கிறிஸ்துவின் பாடுகளை விரித்துப் பாடுகிறார். இதனை வெறும் காப்பிய விரிவெனத் தள்ளுதல் பொருந்தாது. பெற்ற அன்பின் அளவை உணராதவன் நன்றியின் பொருளையும் உணரான். எனவே முதலில் அன்பு, அடுத்து நம்பிக்கை, அதன்பின் ஒழுக்கம் என்னும் வரிசை காப்பியத்தில் அமைகிறது. நற்செயல் வீடுபேற்றுக்குக் கொடுக்கும் விலையன்று. முன்னரே பெற்ற அன்புக்குச் செலுத்தும் நன்றியாகும்.

சுமை இறங்கிய பின்னரும் பயணம் முடிவதில்லை. பனியன் படைத்த கதையில், எல்லாம் விலைபோகும் மாயச்சந்தையில் பயணியர் உண்மையை மட்டுமே நாடுகின்றனர். அதனால் ஒருவன் உயிரிழக்கிறான். பின்னர் ஐயக் கோட்டையில் அடைபட்டவன், விடுதலைக்குரிய திறவுகோல் தன் மார்பிலேயே இருந்ததைப் பிந்தி நினைவுகூர்கிறான். நம்பிக்கை சோதிக்கப்படும் இடம் வழிபாட்டு மன்றம் மட்டுமன்று. வாங்கலும் விற்றலும், சோர்வும் மறதியும் நிறைந்த அன்றாட வாழ்வே அது என்பதை இக்காட்சிகள் உணர்த்துகின்றன.

எனினும், ஒரு குறை மறைக்கத்தக்கதன்று. மனைவி மக்களை விட்டுப் புறப்படும் பயணியை, இல்லறத்தை நல்லறமாகப் போற்றும் தமிழ் மனம் எளிதில் ஏற்காது. அன்புக்கு மறுமொழி அன்புடையாரைப் பிரிதலா? பனியனே 1684-இல் இரண்டாம் பாகம் எழுதி, மனைவியையும் மக்களையும் அதே வழியில் நடத்தினார். தமிழ்க் காப்பியத்துக்கு அடிப்படை முதற்பாகமே. ஆதலின் வீட்டினுள் வாழும் நம்பிக்கை அதில் போதிய இடம் பெறவில்லை. நீண்ட வருணனைகளும் வடசொற் செறிவும் இளைய மாணாக்கரைத் தடுத்து நிறுத்துகின்றன என்பதும் உண்மை.

இக்குறைகளுக்கு அப்பாலும் காப்பியம் நிலைப்பதற்குக் காரணம், அது அன்பை உணர்ச்சியாக மட்டும் விடாமல் நடையாகக் காட்டுவதேயாகும். வகுப்பறையில் பட்டத்தைச் சொல்லிக்கொடுத்தபின், பயணி ஏன் தொடர்ந்து நடக்கிறான் என்னும் வினாவையும் எழுப்புதல் ஆசிரியர் கடன். அவ்வினாவுக்கு விடை தேடும் மாணாக்கன், எச்சமயத்தவனாயினும், காப்பியத்தின் உள்ளே புகுந்தவனாவான்.