மைனஸ் ஒன்றுக்கும் மடக்கை உண்டு!

எக்செல்லில் பிடித்த ஃபங்ஷன் எது என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் விலுக்கப் என்பார்கள். என் ஓட்டு ஐஎம்எல்என்னுக்கு! கலப்பெண்களுக்கு இயல் மடக்கை கண்டுபிடித்துத் தரும் இந்தச் சமர்த்தை யாருமே கண்டுகொள்வதில்லையே என்று எனக்கு ஆற்றாமை.

ஒரு செல்லில் வழக்கமான எல்என் போட்டு, உள்ளே -1 கொடுங்கள். முகத்தில் அடித்தாற்போல் #நம்! என்று பிழை காட்டும். பக்கத்து செல்லில் ஐஎம்எல்என் போட்டு அதே எண்ணைக் கொடுங்கள். 3.14159265358979, கூடவே கற்பனை அலகு ஐ. சாட்சாத் பை! வட்டமும் இல்லை, விட்டமும் இல்லை, இது எங்கிருந்து வந்து குதித்தது? முதல் தடவை பார்த்தபோது அப்படியே வாயைப் பிளந்துவிட்டேன்.

வட்டம் ஒளிந்துதான் இருக்கிறது. கலப்பெண்ணைத் தளத்தில் ஒரு புள்ளியாக வையுங்கள். மையத்திலிருந்து அதன் தூரம் மட்டு, திரும்பியிருக்கும் கோணம் வீச்சு. மட்டின் மடக்கைதான் விடையின் மெய்ப்பகுதி. வீச்சு அப்படியே கற்பனைப் பகுதி. அவ்வளவுதான் சங்கதி! -1 மையத்திலிருந்து ஓரலகு தூரம், அதன் மடக்கை 0. அரைச்சுற்று திரும்பி நிற்பதால் கோணம் பை. 3+4ஐ என்று கொடுத்தால் 1.6094+0.9273ஐ வரும். மட்டு 5 அல்லவா? எல்என்னில் 5 போட்டுப் பாருங்கள், அதே 1.6094. ஐஎம்ஆர்கியூமென்ட் மீதியைத் தந்துவிடும்.

இதே மைனஸ் எண்களின் மடக்கைக்காக 1712-13இல் கணித மேதைகள் லைப்னிட்ஸும் யோஹான் பெர்னூலியும் கடிதத்திலேயே மல்லுக்கட்டினார்கள். பஞ்சாயத்தைத் தீர்த்தவர் ஆய்லர்: விடை ஒன்றல்ல, முடிவில்லாமல் உண்டு, ஒவ்வொரு முழுச்சுற்றுக்கும் கற்பனைப் பகுதியில் 2 பை கூடும். எக்செல் அதில் முதன்மை மதிப்பை மட்டும் தரும்.

ஒரு சின்ன முரண்டு உண்டு. விடை எண் இல்லை, எழுத்துச் சரம். சாதாரணக் கூட்டல் குறி போட்டால் #வேல்யூ! என்று முறைக்கும், ஐஎம்சம்மைத்தான் கூப்பிட வேண்டும். இதையெல்லாம் மன்னித்துவிடலாம், ஏனென்றால் அடுத்த வித்தை அப்படி!

ஐயின் அடுக்காக ஐ வந்தால் என்ன? ஐஎம்பவர் கையை விரித்துவிடும், அதற்கு மெய்யெண் அடுக்குதான் வேண்டும். கவலையே வேண்டாம். ஐயின் மடக்கையை ஐஎம்எல்என்னில் எடுங்கள், ஐஎம்ப்ராடக்டில் ஐயால் பெருக்குங்கள், ஐஎம்எக்ஸ்புக்குள் தள்ளுங்கள். 0.20788! கற்பனையின் அடுக்காகக் கற்பனை, வந்து நிற்பதோ அசல் மெய்யெண். கூகுள் ஷீட்ஸிலும் லிப்ரேஆபீஸ் கால்க்கிலும்கூட இதே பெயர்கள்தான், உடனே போட்டுப் பாருங்கள்!